கலர் அள்ளணுமா? முகத்துக்கு வெளிச்சம் கொடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

சரவணம்பட்டியில இருந்து பேசறேன். நடுவுல சத்தி ரோட்டு பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்குங்க.

ஃபிலிம் கேமரா பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "ப்ரோ, கலர் அள்ளணும். எந்த ஃபிலிம் வாங்கட்டும்?" நியாயமான கேள்வி. ஒரு ரோல்ல 36 படம். ரோல் விலை, கழுவற காசு, ஸ்கேன் காசு எல்லாம் சேர்த்தா ஒவ்வொரு க்ளிக்கும் ஒரு டீ, பஜ்ஜி செலவு. பதிலை இப்பவே சொல்லிடறேன். ஃபிலிம் பேர் பாதி வேலைதான் செய்யும். மீதி, நீங்க அதுக்கு எவ்வளவு வெளிச்சம் காட்டறீங்கங்கிறதுல இருக்கு. அதுவும் நம்ம ஊர் முகங்களை எடுக்கும்போது.

முதல்ல ஃபிலிம். கொடாக் எக்டார் 100, 2008ல வந்தது. கலர் நெகட்டிவ்ல நிறம் ரொம்ப அழுத்தமா, கிரெயின் ரொம்பப் பொடியா வர்ற ரகம். கோபுரம், பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, பூ மார்க்கெட் செவ்வந்தி இதுக்கெல்லாம் அருமை. ஆனா மனுஷங்க தோலைக் கொஞ்சம் செவப்பாக்கும். வெளிச்சம் பத்தலன்னா நிழல் நீலம் பாயும். கோல்டு 200 மஞ்சள் கலந்த கதகதப்பு, காலை வெயிலுக்கும் சாயங்கால வெயிலுக்கும் பொருந்தும், விலையும் குறைவு. போர்ட்ரா 400 தோலுக்குன்னே செஞ்சது. நிறம் மென்மையா இருக்கும், தப்பையும் நிறையப் பொறுத்துக்கும். ஆறு மணிக்கு ஐடி பார்க் விட்டு வெளிய வந்து எடுக்கறவங்களுக்கு 100 வேண்டாம், 400 எடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். நெகட்டிவ்ல வெளிச்சம் பட்ட இடத்துலதான் வெள்ளி உப்பு மாறும். கழுவும்போது அங்கதான் சாயம் உருவாகும். வெளிச்சம் கூடிப் போச்சுன்னா நெகட்டிவ் அடர்த்தியா வரும், அவ்வளவுதான். தகவல் உள்ளதான் இருக்கும், ஸ்கேன்ல இறக்கிக்கலாம். குறைஞ்சு போச்சுன்னா அங்க ஒண்ணுமே பதிவாகாது. நம்ம பாஷையில சொன்னா, கோடுல லாக் எழுதவே இல்ல, அப்புறம் எதை வெச்சு டீபக் பண்றது? ஸ்கேனர் அந்த வெறும் இடத்தைப் பிடிச்சு இழுக்கும். கிரெயினும் சேறு மாதிரி ஒரு பழுப்பும்தான் வரும். டிஜிட்டல்ல பழகின கை வெளிச்சம் கூடிடுமோன்னு பயப்படும். நெகட்டிவ்ல நேர் எதிர்: குறையறதுக்குத்தான் பயப்படணும்.

இது ஏன் நமக்குப் பெரிய விஷயம்? எங்கம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்துக்குங்க. 90கள்ல எடுத்தது. அரக்குப் பட்டு இன்னும் பளபளன்னு இருக்கு. அப்புச்சியோட வெள்ளை வேட்டியில மடிப்பு மடிப்பாத் தெரியுது. அப்புச்சி முகம் மட்டும் ஒரு கருப்புத் திட்டு. அவர் இப்ப இல்ல. அவரோட கலர் போட்டோன்னு எங்க வீட்ல இருக்கிறது அந்த ஒண்ணுதான். அவர் கண்ணு எப்படி இருக்கும்னு அம்மா வாயால சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்க வீட்டு ஆல்பத்துலயும் ஒரு பக்கம் இப்படி இருக்கும், இல்லன்னா பவுடர் பூசி, வேற யாரோ மாதிரி ஒரு முகம் இருக்கும்.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. நம்ம மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டியில, 1960ல தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சு. 'இந்து'ங்கிற பேர்ல அங்க வந்தது பெரும்பாலும் கருப்பு வெள்ளையும் எக்ஸ்ரே ஃபிலிமும்தான். கலர்னா வெளிநாட்டுக் கம்பெனிகளோட ஃபிலிம். அந்த ஃபிலிமையும் பிரிண்ட்டையும் யார் முகத்தை வெச்சு சரி பார்த்தாங்க? 1950கள்ல இருந்து கொடாக் லேபுகளுக்கு 'ஷெர்லி கார்டு'ன்னு ஒரு படத்தை அனுப்பிச்சு. அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அவங்க தோல் சரியா வந்தா எல்லாம் சரி. லோர்னா ராத்னு ஒரு கனடா ஆய்வாளர் 2009ல இதைப் பத்தி விரிவா எழுதினாங்க. சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் தங்களோட பழுப்பு சரியா வரலைன்னு புகார் சொன்ன அப்புறம்தான் அடர் நிறங்கள் மேல கவனம் திரும்புச்சாம். மனுஷ முகத்துக்காக இல்லீங்க, சாக்லேட்டுக்காக.

இப்ப வர்ற ஃபிலிம் எவ்வளவோ தேவலை. ஆனா கேமரா மீட்டருக்கு எது முகம், எது வேட்டின்னு தெரியாது. வெள்ளை வேட்டியும் வானமும் ஃப்ரேம்ல நிறைஞ்சா, வெளிச்சம் அதிகம்னு நெனச்சுக் குறைச்சிடும். முகம் இருண்டுடும். அதுக்கு ரெண்டு வழி.

ஒண்ணு, முகத்துக்கிட்டப் போய் மீட்டர் பார்த்து, அந்த அளவை வெச்சுக்கிட்டுப் பின்னாடி வந்து எடுங்க. கருத்த முகத்துல மீட்டர் பார்த்தா அது கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டித்தான் கொடுக்கும். கொடுக்கட்டும், நெகட்டிவ் தாங்கும்.

ரெண்டு, 200 ஃபிலிமைப் போட்டு கேமராவுல ஐஎஸ்ஓ 100ன்னு வைங்க. எப்பவும் ஒரு ஸ்டாப் கூடக் கிடைக்கும். ரெண்டையும் சேர்த்துச் செய்யத் தேவையில்ல. மீட்டரே இல்லாத பழைய கேமராவா? 200 ஃபிலிம், நல்ல வெயில்னா எஃப் 11, 1/250. வெயில் நேரா விழாத வேப்பமர நிழல்னா எஃப் 4, 1/125. முகம்னா நான் நிழலைத்தான் தேர்ந்தெடுப்பேன். உச்சி வெயில்ல கண்ணு ரெண்டும் குழியாயிடும்.

கடைசியா லேப். கலர் நெகட்டிவ் கழுவற முறைக்குப் பேர் சி-41, 1972ல வந்தது. டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிஷம் 15 செகண்ட். எல்லா லேபுலயும் ஒரே கணக்குதான். வித்தியாசம் வர்றது ஸ்கேன்ல. கொடுக்கும்போதே சொல்லிடுங்க: "அண்ணா, தோலை வெளுப்பாக்க வேண்டாம், உள்ளபடி விடுங்க." நெகட்டிவைக் கேட்டுத் திரும்ப வாங்குங்க. சில இடத்துல கேக்கலன்னா கொடுக்க மாட்டாங்க. ஸ்கேன் பிடிக்கலன்னா நாளைக்கு வேற இடத்துல போட்டுக்கலாம், நெகட்டிவ் போச்சுன்னா போச்சு. எடுக்காத ரோலை வெயில்ல நிக்கற வண்டிக்குள்ள வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைங்க.

அடுத்த ரோல் போடும்போது ஊட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கிற பெரியவங்களை ஒரு ரெண்டு ஃப்ரேம் எடுங்க. கிட்டப் போங்க, முகத்துல மீட்டர் பாருங்க. அவங்க நிறம் எதுவோ அதுவே வரட்டும்.

எடுத்ததை எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாமுங்க.