பயிரைக் காக்கும் கையையும் காப்போம்



பயிருக்கு வரும் நோயைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுகிறோம். இன்றைக்குப் பயிர் செய்கிறவருடைய கையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். நுகத்தடி உரசி மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்தால் ஏரை அவிழ்த்துவிடுகிறோம். நம்ம தோள் வலித்தால் மட்டும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வயலுக்குப் போகிறோம். இது சரிதானா?

கைத்தெளிப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 லிட்டர் டேங்கை நிரப்பினால் ஏறக்குறைய 20 கிலோ முதுகில் ஏறுகிறது. ஒரு கை லீவரை அடிக்கிறது. மறு கை குழாயைப் பிடிக்கிறது. நிமிஷத்துக்கு 15 தடவை அடிப்பதாக வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் 450 தடவை. அப்படிப் பத்து டேங்க் அடித்தால் 4,500 தடவை! ஒரே கை, ஒரே அசைவு.

தசையை எலும்போடு கட்டியிருக்கும் வெள்ளை நாருக்குத் தசைநாண் என்று பெயர். தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் உறை போட்டாற்போல் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்று, தோளின் மேல் எலும்புக்கு அடியில் குறுகலான சந்து வழியே போகிறது. கையை உயர்த்தி உயர்த்தி வேலை செய்யும்போது அது அங்கே நெருக்குப்படுகிறது. கிணற்று ராட்டினத்தில் ஒரே இடத்தில் உரசும் கயிறு எப்படிப் புரி புரியாக நைந்துபோகும்? அப்படித்தான் இதுவும். புஜத்தின் முன்பக்கத் தசைநாணும் இப்படி நோகும். மண்வெட்டியையும் அரிவாளையும் இறுகப் பிடிப்பவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் நோகும். தசையைவிட நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இது உழவருக்கு மட்டும் வரும் நோவு அல்ல. சென்னை ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா இருக்கிறது. மார்கழி மாதம் அங்கே கச்சேரி களைகட்டும். மணிக்கணக்கில் வில் போடும் பிடில் வித்வான்களுக்கும் தோள் வலி வருவதுண்டு. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு 2004-ல் முழங்கை நோவு வந்தது. 2005-ல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில மாதங்கள் ஆடாமல் இருந்தார். நம்மில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஆனால் ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது? தலை சீவக் கை தூக்கினால் வலிக்கும். வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் வராது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாலே முழங்கை சுருக்கென்று குத்தும்.

வலி வந்தால் முதலில், அந்த வலியைக் கிளப்பும் வேலையைச் சில வாரம் நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். அதற்காகக் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டு அசைக்காமலே வைக்காதீர்கள், தோள் இறுகிப்போகும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். குனிந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி மெல்ல ஆட்டலாம். வலியை அடக்கக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மருந்தடிக்கப் போவது ரொம்பத் தப்பு. வலி மறையும், நைவது நிற்காது. நாள்கணக்கில் சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிதான் நாணுக்கு உரம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. படக்கென்று அறுந்த மாதிரி இருந்து கை தூக்க முடியாமல் போனால், கை மரத்துப் பலம் குறைந்தால், மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தோள் வலியோடு நெஞ்சடைப்பும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

வராமல் தடுப்பது நம்ம கையில்தான் இருக்கிறது. தெளிப்பானில் தேய்ந்த வாஷரை மாற்றி, அசையும் இடத்துக்கு எண்ணெய் விடுங்கள். லீவர் இலகுவாக ஓடும். நாசில் அடைப்பைச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு தோள்வாரும் ஒரே அளவில், அகலமாக, மெத்தென்று இருக்கட்டும். தோளில் நோவு உள்ளவர் டேங்கை முக்கால் அளவுக்கு நிரப்பினால் போதும். இரண்டு டேங்குக்கு ஒரு தடவை ஆள் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரித் தெளிப்பானில் லீவர் அடிக்கும் வேலையே கிடையாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் லாபம்தான். உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் மானியம் உண்டா என்று விசாரியுங்கள். அரிவாளைத் தீட்டி வையுங்கள். மழுங்கிய அரிவாளுக்குப் பிடியும் இழுப்பும் இரட்டிப்பாகும்.

வீட்டுப் பெண்களுக்கும் இதே கதைதான். நாள் முழுக்கக் களை எடுத்துவிட்டு வந்து, தண்ணீர்க் குடமும் அவர்கள்தான் தூக்குகிறார்கள். அவர்கள் தோள் வலிக்கிறது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடை நேரத்தில் கை படுத்துவிட்டால், கூலிக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டி வரும். பத்து நாள் வேலையைக் குறைத்துக்கொள்வது நஷ்டம் இல்லை. அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கும் விதைநெல்.