சிற்றிலும் சிறு பூங்காவும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியத்தில் குழந்தை விளையாட்டுகள்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். அதை முழுவதும் பேசினால் சிற்றுண்டி ஆறிவிடும். ஆகவே, பெரிய உலகைச் சிறிதாக்கிக் கைக்கடக்கமாகப் படைத்துக் கொள்ளும் விளையாட்டு ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் வாழும் என் மகள் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் பேத்தி என்னை அருகிலிருந்த காட்டுப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றாள். அங்கே மரங்களின் அடியில், வேர்கள் பிரியும் இடத்தில், ஒரு சாண் உயரத்தில் சின்னஞ்சிறு கதவுகள் பொருத்தியிருந்தார்கள். சிவப்புக் கதவு, நீலக் கதவு. ஒன்றின் வாசலில் விரற்கடை அளவு ஏணி, மற்றொன்றில் துணி காயும் கொடி. தேவதைகள் குடியிருக்கும் வீடுகளாம் அவை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டே காட்டைக் கடக்க வேண்டும். 'தேவதைத் தடம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். நம் பிள்ளைகள் அறிந்த தேவதை, 1947-இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'அம்புலிமாமா' போன்ற இதழ்களின் வழியே வந்தவள். நெடிதுயர்ந்து, நகை பூண்டு, வரம் தருபவள். அந்நாட்டுத் தேவதையோ கட்டைவிரல் அளவினள். வரம் தருவதைவிடக் குறும்பு செய்வதே அதிகம். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அஞ்சி 'நல்லவர்கள்' என்று குறிப்பிடுவது அந்நாட்டு முதியோர் வழக்கம். நம் பாட்டிமார் 'காற்றுக் கறுப்பு' என்று சொல்லி நிறுத்திக் கொள்வது போலத்தான்.

1999-ஆம் ஆண்டில் அந்நாட்டின் கிளேர் மாவட்டத்தில், லட்டூன் என்ற இடத்தில், புதிய நெடுஞ்சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்ட இருந்தார்கள். எடி லெனிஹன் என்ற கதைசொல்லி, அது தேவதைகள் கூடும் மரம் என்று கூறி எதிர்ப்புத் தெரிவித்தார். மரம் காப்பாற்றப்பட்டது. அரசமரத்தடியில் கல்லை நட்டு மரத்தைக் காக்கும் நமக்கு இது வியப்பன்று.

பேத்தியை நான் மெல்லக் கேட்டேன்: "கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா, கண்ணு?" அவள் என்னை இரக்கத்தோடு பார்த்து, "தாத்தா, அது மரப்பலகை. ஆணி அடித்திருக்கிறார்கள் பாருங்கள்" என்றாள். சொல்லிவிட்டு உடனே குனிந்து கதவைத் தட்டினாள்! இரண்டும் உண்மை அவளுக்கு. குழந்தைகளை ஏமாற்றுகிறோம் என்று கவலைப்படுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற சிற்றூரில் எல்ஸி, பிரான்ஸெஸ் என்ற இரு சிறுமியர், காகிதத்தில் வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் புகைப்படம் எடுத்தனர். அதை மெய்யென நம்பி 1922-இல் ஒரு நூலே எழுதியவர் யார் தெரியுமா? துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்! 1983-இல்தான், முதுமையெய்திய அப்பெண்கள் படங்கள் போலி என்று ஒப்புக்கொண்டார்கள். ஏமாந்தவர் பெரியவர்; சிறுமியர்க்கு ஊசி இருந்த இடம் தெரியும்.

நிற்க. நம்மிடம் இத்தகைய விளையாட்டு இல்லையா? சங்க காலந்தொட்டே உண்டு. மணலிலே வீடு கட்டுவது சிற்றில். அங்கே மணலையே சோறாக்கிப் படைப்பது சிறுசோறு. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலித் தலைவி, தான் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்த சிறுவனையே பின்னாளில் காதலனாகக் காண்கிறாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும், சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனை வேண்டுவதே. பிள்ளைத்தமிழிலோ 'சிற்றில்' ஒரு பருவமாகவே அமைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பருவம் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் வருவது. கட்டுகிறவள் சிறுமி, நூலோ, சிதைக்க வரும் சிறுவனுக்கு உரியது! மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியன. அங்கே சிற்றில் இல்லை. பெண்பாற்கும் சிற்றில் இழைத்தலை உரைக்கும் பாட்டியல் வழக்கு உண்டு என்று புலவர் பெருமக்கள் என்னைத் திருத்தக்கூடும், திருத்துக. ஆயினும் நம் நினைவில் நின்றது இழைத்தவள் கை அன்று, சிதைத்தவன் கால் என்பதே என் எண்ணம்.

மணல் முற்றங்கள் மறைந்த நம் சென்னையில் சிற்றில் எங்கே போயிற்று? கொலுப்படிக்குக் கீழே போய் ஒளிந்து கொண்டது. மயிலை வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் பொம்மைக் கடைகள் நிரம்பி வழிவதை அறிவீர்கள். பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி, நம் கொசப்பேட்டை எனப் பல ஊர்ப் பொம்மைகளும் படியேறி அமர்கின்றன. அப்படிகள் பெரியவர்களின் ஆட்சி. 'தொடாதே, உடைந்துவிடும்' என்பதே அங்குக் குழந்தை கேட்கும் சொல். ஆனால் படிக்கு முன்னே தரையில் அமைக்கும் பூங்கா இருக்கிறதே, அது பிள்ளைகளின் சொந்த நாடு.

அதை எப்படி அமைப்பது என்று இளந்தாய்மார் பலர் என்னைக் கேட்டதுண்டு. பழைய டிரங்குப் பெட்டியின் மூடியோ, ஓரம் உயர்ந்த பலகையோ போதும். அடியில் பாலித்தீன் தாளை விரித்து, சலித்த மணலும் செம்மண்ணும் கலந்து இரண்டு விரல் உயரம் பரப்ப வேண்டும். கேழ்வரகையும் வெந்தயத்தையும் முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். கடுகை ஊறவைக்க வேண்டா. கொழகொழத்துக் கையில் ஒட்டிக் கொள்ளும். கொலுவுக்கு ஒரு வாரம் முன்னர் விதைத்தால் கடுகு இரண்டு மூன்று நாளில் முளைவிடும். கேழ்வரகு சற்றுப் பிந்தும். தண்ணீரை ஊற்றக்கூடாது, கையால் தெளிக்க வேண்டும். ஆர்வத்தில் ஊற்றிய பிள்ளையின் வயல் அழுகி நாறும். அந்தப் பாடத்தை எந்தப் பள்ளியும் அவ்வளவு விரைவில் கற்பிக்காது. சிற்றூர்களில் முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பார்கள். பயிர் வெளிர்மஞ்சளாய் நெடிது ஓங்கும். நமக்குப் பச்சை வேண்டுமாதலால் தட்டைச் சன்னலோரம் வைக்க வேண்டும். பாதைக்குச் செங்கற்பொடி, மலைக்குச் சேற்றில் தோய்த்துக் கசக்கிய கோணித்துணி, குளத்திற்கு உடைந்த முகக்கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பைப் பெரியவர்களே மணலில் புதைத்துத் தர வேண்டும். மலைமேல் பஞ்சை ஒட்டிப் பனி என்று சொல்லும் வழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடன்று. சிந்தாதிரிப்பேட்டையில் ஏது பனி?

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

நம் மன்றம் தொடங்கிய இரண்டாம் ஆண்டு நவராத்திரியில், இதே கூடத்தின் தாழ்வாரத்தில் தெருப்பிள்ளைகளைக் கொண்டு ஒரு பூங்கா அமைத்தோம். யார் வீட்டிலும் வைக்காமல் இங்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. என் சிறுவயதில் கொலு வைத்த வீடுகளின் வாசலில் நின்றே சுண்டல் வாங்கிச் சென்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். உள்ளே வா என்று அவர்களை யாரும் அழைத்ததில்லை, நானும் அழைத்ததில்லை.

நம் பேட்டையையே சிறு வடிவில் படைப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், நூல் நூற்போரும் நெய்வோரும் சாயமிடுவோரும் குடியேற உருவான ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். அதைக் கேட்ட ஒரு பையன் ஈர்க்குச்சியில் நான்கு தறிகள் செய்தான். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அட்டையில் எழுந்தன. முன்பு நேப்பியர் பூங்கா என வழங்கிய மே தினப் பூங்காவில் கடுகுப்பயிர் தழைத்தது. பறக்கும் ரயிலுக்குத் தீப்பெட்டிகள். கூவக் கரையில் குடியிருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மீன் அங்காடியைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டாள். அவள் தாய் அங்கே மீன் விற்பவர். பூசணி விதைகளில் கண் வரைந்து, வாழைமட்டைக் கூடைகளில் அடுக்கினாள். ஆயிரம் ரூபாய்ப் பொம்மைக்கு இல்லாத உயிர் அதற்கு இருந்தது.

ஆற்றுக்கு நீளமான கண்ணாடித் துண்டைப் பதித்தோம். அவள் அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்து கண்ணாடி முழுவதும் பூசிவிட்டாள். "கூவம் இப்படித்தான் தாத்தா இருக்கும்" என்றாள். கரையோரம் மூன்று தீக்குச்சிப் பெட்டிகளை நட்டு, ஒன்றைக் காட்டி, "இது எங்க வீடு" என்றாள்.

மறுநாள் விழாவிற்குப் பெரியோர் வருவதாக இருந்தது. அழகாக இருந்த பூங்காவில் ஆறு மட்டும் கறுப்பாகக் கிடக்கிறதே என்று சிலர் முகஞ்சுளித்தனர். நான் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கும்போது கை பட்டு அந்தப் பெட்டிகளும் சரிந்தன. அவற்றை மீண்டும் நடவில்லை. குச்சிகளோடு குப்பையில் போயின. மாலையில் வந்த சிறுமி பார்த்தாள். அழவில்லை, கேட்கவும் இல்லை. தன் பூசணி விதை மீன்களை மட்டும் எண்ணி எடுத்துப் பாவாடையில் முடிந்து கொண்டு போனாள். பெரியோர் வந்தார்கள், பாராட்டினார்கள். அன்று சிற்றிலைப் பற்றித்தான் நான் அரைமணி நேரம் பேசினேன் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

பின்னர் ஆற்றைச் சீரமைக்கும் பணிக்கெனக் கூவக் கரைக் குடியிருப்புகள் பல அகற்றப்பட்டதும், அங்கு வாழ்ந்தோர் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. அச்சிறுமியின் குடும்பமும் அவ்வாறே சென்றது. இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அவள் தாய் விடியுமுன் பேருந்து பிடித்துச் சில மாதங்கள் அங்காடிக்கு வந்து கொண்டிருந்தார், பிறகு காணவில்லை. அடுத்து வந்த நவராத்திரிகளில் பூங்கா அமைக்க எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி வந்தேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் காரணம் அதுவன்று.

இந்த ஆண்டு மீண்டும் அமைக்கலாம் என்று செயலாளர் சொல்கிறார். என் வேண்டுகோள்கள் இரண்டு. பூங்காவில் பிள்ளைகள் வைப்பது எதையும், அது எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், பெரியவர்கள் தொடக்கூடாது. மற்றொன்று, ஒரு தட்டை இங்கும், இன்னொரு தட்டைப் பெரும்பாக்கத்திலும் வைக்க வேண்டும். அங்கே இடம் கேட்டுப் பேச என்னோடு வர இருவர் தேவை. மணல் சலிக்கும் பணி நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னர் வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு இதே தாழ்வாரத்தில் தொடங்கும். சல்லடை என்னிடம் ஒன்றுதான் உள்ளது. வைத்திருப்போர் கொண்டு வருக.