பழகிய முகமே பாதி மருந்து

(தலைப்பு: 'முதியோர் இல்லங்களில் பெரியவர்களுக்கு நிம்மதி தருவது வசதிகளா? பழகிய முகங்களா?' 'பழகிய முகங்களே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி வசதிகளை அடுக்கினார். லிஃப்ட் இருக்கு, வெந்நீர் இருக்கு, வழுக்காத தரை இருக்கு, மூலைக்கு மூலை கேமரா இருக்கு. எல்லாம் சரிதாம்மா. கேமரா நம்மளைப் பார்க்கும். 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்குமா? (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைத் தொடாமல் மேடையை விட்டு இறங்கினால் சம்பளத்தைப் பிடிச்சிடுவாங்க. (சிரிப்பு) 95ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவது? பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர்! கட்டிலைச் சொல்லவில்லை, கட்டிடத்தைச் சொல்லவில்லை. ஆளைச் சொன்னார் ஐயா, ஆளை!

இப்ப என் வீட்டுக் கதை. இதுவரைக்கும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஊர் ஊராகப் போய்த் தாய்ப்பாசம் பேசுகிற நான், என் தாயை ஓர் இல்லத்திலே சேர்த்தவன். மறதி நோய். ராத்திரியிலே கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். முடியவில்லை, சேர்த்தேன்.

அங்கே ஒரு பெண். 25 வயசு இருக்கும். அம்மா அவளைக் 'குட்டி'ன்னு கூப்பிடுவாங்க. என் பேர் சில நாள் ஞாபகம் வரும், சில நாள் வராது. அவ குரல் கேட்டா மட்டும் முகம் மலர்ந்துவிடும். ஒருநாள் அவ போன் பண்ணினா: "சார், அம்மா காபியை ஆறவிட்டுட்டாங்க. பேச்சும் ஒரு மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடலாம்." காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பரிசோதித்தால் சிறுநீரிலே கிருமித் தொற்று! வயதானவர்களுக்கு அது சில நேரம் காய்ச்சலாக வராமல் மனக் குழப்பமாக வரும் என்றார் மருத்துவர். மாத்திரையிலே சரியாப் போச்சு. ஆறின காபியிலே அந்தப் பொண்ணு நோயைக் கண்டுபிடிச்சா. எப்படி? அம்மா சூடாத்தான் குடிப்பாங்கன்னு அவளுக்கு ஒரு வருஷமாத் தெரியும். (கைதட்டல்)

சம்பளம் கட்டுப்படியாகாமல் அவ வேலையை விட்டுட்டா. அடுத்த மூணு மாசத்திலே ஏழு பேர் மாறினாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா அம்மா குளிக்க மறுத்தாங்க. 'அடம் பிடிக்கிறார்'னு எழுதி வெச்சாங்க. நான் போய்க் கேட்டேன். தலையைக் குனிஞ்சுகிட்டு, "யாருன்னே தெரியாத பொண்ணு முன்னாடி எப்படிப்பா புடவையை அவுக்கிறது?"ன்னாங்க. (அரங்கில் அமைதி) நடுவர் அவர்களே, அதுக்குப் பேர் அடமா? 82 வருஷம் காத்த மானம் ஐயா அது!

மறுபடியும் அதே தொற்று. அதே ஆறின காபி. புதுசா வந்த பெண், 'இவங்க எப்பவும் இப்படித்தான் போல'ன்னு நெனச்சுட்டா. அவ மேலே தப்பில்லை, அவ வந்தே ரெண்டு நாள். மூணாம் நாள் அம்மா குழப்பத்திலே எழுந்து விழுந்து, இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. வழுக்காத தரையிலேதான் விழுந்தாங்க. கேமராவிலே தெளிவாப் பதிவாகியிருந்தது!

ஆஸ்பத்திரிக்குக் குட்டி பார்க்க வந்தா. அம்மா கண்ணைத் திறந்து, "எங்கே போயிட்டே?"ன்னு அவளைத்தான் கேட்டாங்க.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: 'ஒரே ஆள் இருந்தால் தப்பை மறைக்க மாட்டாரா? அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாமா?' நியாயமான கேள்வி. மேற்பார்வை பார்க்கிறவரை மாத்துங்க. மேலுக்குத் தண்ணி ஊத்துறவரை மாத்தாதீங்க! (கைதட்டல்) ஒரே ஆள் 24 மணி நேரமும் உழைக்கணும்னு நான் சொல்லலை. ஒரு வரிசை அறைகளுக்கு அதே மூணு பேர் முறை வெச்சு வரட்டும். போகிறவர், வருகிறவரிடம் பத்து நிமிஷம் நின்று விவரம் சொல்லிவிட்டுப் போகட்டும். அவங்க நிலைச்சு இருக்கணும்னா நியாயமான சம்பளம் கொடுங்க, வாரத்துக்கு ஒருநாள் லீவு கொடுங்க.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100க்கு 10 பேருக்கு மேல் 60 வயசைக் கடந்தவர்கள். பெற்றோர் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம், ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லம், 150 பேருக்கு இடம் என்று பேசுகிறது. இடத்தைச் சட்டம் கொடுக்கலாம். பழக்கத்தை மனுஷன்தான் கொடுக்க முடியும்.

இல்லம் பார்க்கப் போகிற பிள்ளைகளே, லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க, தப்பில்லை. கூடவே, 'இங்கே பார்த்துக்கிறவங்க எத்தனை வருஷமா இருக்காங்க?'ன்னும் கேளுங்க. நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

ஆகவே நடுவர் அவர்களே, பெரியவர்களுக்கு நிம்மதி தருவது பழகிய முகங்களே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)