புதுமனையும் மின்சாரமும்



திருவனந்தபுரம் நகருக்கு மின்சாரம் வந்தது 1929-ஆம் ஆண்டில். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கலாயிற்று. அந்நாளைய இல்லங்கள் மின்சாரத்தினிடம் வேண்டியது பெரும்பாலும் வெளிச்சம் ஒன்றையே. இன்றோ, கரமனையிலும் சாலையிலும் பல்லாண்டு வாடகைக்குக் குடியிருந்து, சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு ஐந்து சென்ட் நிலத்தில் மனை எழுப்பும் நம்மவர் வீட்டில் சமையலும் சலவையும் குளியலும் மின்சாரத்தை நம்பியே நடைபெறுகின்றன.

ஆயினும், சுவரின் வண்ணத்துக்கு ஒரு வாரம் ஆலோசிப்பவர் மின்சாரத்துக்கு ஒரு மாலைப்பொழுதையும் ஒதுக்குவதில்லை. பூச்சு முடிந்தபின் தோன்றும் யோசனையை உளியும் சுத்தியலும் கொண்டே நிறைவேற்ற வேண்டும். ஆகையால், குழாய் பதிக்குமுன் ஒரு தாளை எடுத்துக் கணக்கெழுதுங்கள்.

விளக்குகள் பத்துக்கு 100 வாட், மின்விசிறிகள் ஐந்துக்கு 375, குளிர்பதனப் பெட்டிக்கு 200, மிக்ஸி, கிரைண்டர் இரண்டுக்கும் 900, சலவை இயந்திரத்துக்கு 500, இஸ்திரிப் பெட்டிக்கு 1,000, ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 750, வெந்நீர் ஹீட்டருக்கு 2,000, ஏ.சி.க்கு 1,500. கூட்டினால் 7,325 வாட். கேரளத்தில் இணைப்புச் சுமை 5 கிலோவாட்டைக் கடந்தால் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். பிற மாநிலங்களில் வரம்பு வேறுபடலாம். கணக்கிடும் முறை ஒன்றே.

அடுத்து, கம்பிகளைப் பிரியுங்கள். விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் பகிர்வுப் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பி தனித்தனியே செல்லட்டும். மொட்டைமாடிக்கு ஒரு வெற்றுக் குழாயும் விட்டு வையுங்கள்; பின்னாளில் சூரிய மின்தகடு வைக்க அது உதவும்.

இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. செலவு கைமீறும்போது பலர் முதலில் குறைப்பது எர்த் வேலையைத்தான். அது கண்ணுக்குத் தெரியாததன்றோ! எம்.சி.பி. இருக்கிறதே என்று ஆறுதலும் கொள்வர். கம்பி சூடேறி எரியாமல் காப்பதே எம்.சி.பி.யின் கடமை, மனிதனைக் காப்பதன்று. 16 ஆம்பியருக்கென அமைந்த அவ்விசை, ஈரக்கை வழியே பாயும் 50 மில்லி ஆம்பியரை அறியவே அறியாது. அவ்வளவே ஓர் உயிரைப் போக்கவல்லது.

இ.எல்.சி.பி. என வழங்கும் கருவியோ, வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஓயாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு ஏற்பட்டால் நொடிப்பொழுதுக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் சுவர் ஈரம் குடிக்கும் இந்நாட்டில், நல்ல எர்த்தும் இக்கருவியும் சேர்ந்தே காவல்.

உரிமம் பெற்றவரிடமே வேலையை ஒப்படையுங்கள். முடிந்ததும் எர்த்தின் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். குழாய்கள் செல்லும் வழியைச் சுவர் மூடுமுன் படமெடுத்து வையுங்கள்.

வண்ணத்தை அடுத்த பொங்கலுக்கும் பூசலாம். குளித்த ஈரம் உலராமல் குளிர்பதனப் பெட்டியைத் திறக்க ஓடும் குழந்தைக்கு வேண்டிய காவல், குடிபுகும் நாளன்றே வீட்டில் இருத்தல் வேண்டும்.