குணமடைந்தோர் விழுக்காடு மட்டும் போதுமா?

(உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்துள்ள வயது வந்தோர், மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் கட்டணமின்றிப் பேச்சுவழிச் சிகிச்சை பெறலாம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை, தாமாகவே விண்ணப்பிக்கலாம். 2006ஆம் ஆண்டில் இதன் முன்னோடித் திட்டங்கள் இரண்டு இடங்களில் தொடங்கப்பெற்றன. ஒன்று வட இங்கிலாந்தின் டொன்காஸ்டர். மற்றையது கிழக்கு இலண்டனின் நியூஹாம். தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த ஈஸ்ட்ஹாம் இருப்பது அந்த நியூஹாமிலேயே. 2008 முதல் இச்சேவை நாடெங்கும் விரிவடைந்தது.

நியூஹாம் அனுபவம் ஓர் உண்மையை உணர்த்தியது. வைத்தியர் மூலம் வந்தோரைவிடத் தாமாகவே வந்தோரே அப்பகுதியின் இனக்கலவையை நன்கு பிரதிபலித்தனர். அவர்களது துன்பமும் குறைந்ததன்று. பலர் நெடுங்காலம் துன்புற்றவர்கள். கதவு நேராகத் திறந்திருந்தால் சிறுபான்மை மக்களும் உள்ளே வருவர் என்பதே இதன் பொருள்.

இச்சேவையின் தரம் எவ்வாறு அளக்கப்படுகின்றது? ஒவ்வொரு அமர்விலும் இரண்டு வினாக்கொத்துகள் வழங்கப்படுகின்றன. மனச்சோர்வுக்கு ஒன்பது வினாக்கள், 27 புள்ளிகள். பதகளிப்புக்கு ஏழு வினாக்கள், 21 புள்ளிகள். முதலாவதில் 10 அல்லது அதற்கு மேல், இரண்டாவதில் 8 அல்லது அதற்கு மேல் பெறுபவர் நோய்நிலையில் உள்ளவராகக் கொள்ளப்படுவார். தொடக்கத்தில் ஏதேனும் ஒன்றில் இவ்வெல்லையை எட்டியிருந்தவர், முடிவில் இரண்டிலும் அதற்குக் கீழே வந்தால் 'குணமடைந்தவர்' ஆவார். குறைந்தது பாதிப்பேராவது இவ்வாறு குணமடைய வேண்டும் என்பது இத்திட்டத்தின் நீண்டகால இலக்கு. நூற்றுக்கு 75 பேர் 6 வாரங்களுக்குள்ளும் 95 பேர் 18 வாரங்களுக்குள்ளும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது காத்திருப்பு நியமம். ஒவ்வொரு பகுதியின் பெறுபேறுகளும் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. இவ்வெளிப்படைத்தன்மை பாராட்டுக்குரியது.

எனினும், எந்த எண்ணையும் மதிப்பிடுமுன் அது யாரை எண்ணியது என்று வினவ வேண்டும். குணமடைந்தோர் விழுக்காடு, குறைந்தது இரண்டு அமர்வுகளுக்கு வந்து சிகிச்சையை நிறைவு செய்தோரை வைத்தே கணிக்கப்படுகின்றது. முதல் அமர்வோடு நின்றுவிட்டவர் அக்கணக்கில் இல்லை. தொலைபேசியில் ஆங்கிலக் குரல் கேட்டு இணைப்பைத் துண்டித்தவரும் இல்லை. பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான அறிக்கை, சிறுபான்மை இனத்தவர் இச்சேவையை அடைவதிலும் காத்திருப்பதிலும் பயன்பெறுவதிலும் பின்தங்கியிருந்ததைச் சுட்டிக்காட்டியது.

இரண்டாவது கேள்வி மொழி பற்றியது. மனச்சோர்வு வினாக்கொத்தின் ஒன்பதாவது வினா, இறந்துபோனால் நல்லது என்றோ தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் தோன்றியதா என்று கேட்கின்றது. ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அருகிலிருந்து மொழிபெயர்ப்பவள் அவரது பதினைந்து வயது மகள். எந்தத் தாய் அவ்விடத்தில் 'ஆம்' என்பார்? 'இல்லை' என்கின்றார், பூச்சியம் பதிவாகின்றது. தாளில் புள்ளி குறைகின்றது, துன்பம் குறையவில்லை. மகள் மீதோ ஒரு குழந்தை சுமக்கக்கூடாத பாரம் ஏறுகின்றது. மேலும் தமிழர் பலர் மனத்துயரை நெஞ்சுப் பாரமாகவும், தலையிடியாகவும், உடல் எரிவாகவுமே கூறுவர். அதனைப் புரிந்துகொள்ளாத அமர்வில் வினாக்கொத்து முழுமையான விடை தராது.

மூன்றாவது, சரியான அளவுகோல். 2009வரை நீடித்த போரின் நினைவுகளாலும் கொடுங்கனவுகளாலும் வருந்துபவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு இருக்கக்கூடும். அதற்கு 20 வினாக்கள் கொண்ட தனியான வினாக்கொத்து உண்டு. பொதுவான பதகளிப்புக் கேள்விகள் மட்டும் கேட்கப்பட்டால், அவர் எதற்காக வந்தாரோ அதுவே அளக்கப்படாது போகும்.

ஆகவே, சேவையை நாடும் குடும்பங்கள் இவற்றைக் கேட்டறிய வேண்டும். தகுதிபெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்படுவாரா? (இதற்குக் கட்டணம் இல்லை.) அவர் ஒவ்வொரு அமர்விலும் அதே ஆளாக இருப்பாரா? அறிமுகமானவராயின் வேறொருவரைக் கோரலாமா? எந்த வினாக்கொத்து, எதற்காக? புள்ளிகள் குறையாவிடில் அடுத்த படி என்ன? இவற்றிற்குத் தெளிவாக விடை தரும் சேவையே தரமான சேவை. விடை கிடைக்காவிடில் முறையிடுவது நன்றிகெட்ட செயலன்று. அடுத்து வரும் குடும்பத்திற்குச் செய்யும் உதவி.

இளையோரே, பெற்றோருக்காகத் தொலைபேசியில் பேசுங்கள், விண்ணப்பத்தை நிரப்புங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். பின்னர் அறையை விட்டு வெளியே வந்து காத்திருங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளை வெளியே அனுப்புவது ஒளிப்பதற்காக அன்று, உண்மையைச் சொல்வதற்காக.

தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். 111ஐ அழைத்து 2ஐத் தெரிவு செய்தால் எந்நேரமும் மனநல உதவி கிடைக்கும். உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 999.

எண்கள் தேவை. அவ்வெண்களுள் தமிழரின் குரலும் சரியாகப் பதிவாகும் நாளிலேயே அவை முழு உண்மையைக் கூறும்.