ஃபிங்ளாஸ் பங்கின் கதை

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினின் வடமேற்கே ஃபிங்ளாஸ் என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்குள்ள பழைய இடுகாட்டிலே பண்டைக்காலக் கற்சிலுவையொன்று நிற்கின்றது. 17ஆம் நூற்றாண்டில் குரொம்வெல்லின் படைகளுக்கு அஞ்சிய ஊரவர், அதனை மண்ணிற் புதைத்து மறைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. 1816ஆம் ஆண்டிலே அச்சிலுவை மீண்டும் தோண்டி எடுத்து நிறுத்தப்பட்டது.

இச்சிற்றூர் 1950ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெரும் புறநகராக வளரலாயிற்று. டப்ளின் நகரின் நடுவே, பழைய மாளிகைகளின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு குடும்பம் நெருங்கி வாழ்ந்த காலம் அது. அவர்களுக்கென மாநகர சபை இங்கு வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டிற்று. வந்தவர்களுக்குத் தனிவீடு கிடைத்தது. சிறு தோட்டமும் கிடைத்தது. ஆயின் பழகிய அயலவரும் பழகிய தெருவும் பின்தங்கிவிட்டன. அந்நியராய் வந்து கூடிய மக்களை ஓர் ஊராராய் ஆக்குவது எது? அக்காலத்து அயர்லாந்தில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடை, பங்குக் கோயில் என்பதே.

1940 முதல் 1972 வரை டப்ளினின் அதிமேற்றிராணியாராக விளங்கிய ஜோன் சார்ள்ஸ் மக்குவெயிட், வீடுகள் எழுந்த திசையெல்லாம் புதிய பங்குகளை வகுத்துக் கோயில்களைக் கட்டுவித்தார். மேற்கு ஃபிங்ளாஸிலே 1967இல் மங்களவார்த்தைக் கோயில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,500 பேர் அமரத்தக்க பேராலயம் அது.

கோயிலைச் சுற்றியே ஊர் வாழ்வும் உருவாயிற்று. ஆரம்பப் பாடசாலையின் நிருவாகம் பங்குக் குருவானவரிடம் இருந்தது. வின்சென்ற் டி போல் சபையார் வறியோரின் வீடுகளை நாடிச் சென்றனர். 1921இல் பிராங் டஃப் என்பவர் டப்ளினிலே தொடங்கிய மரியாயின் சேனை, நமது நாட்டுப் பங்குகளிலும் அறியப்பட்டதே. அச்சேனையார் இருவர் இருவராய் வீடுதோறும் செல்லும் வழக்கத்தினர். புதிதாய்க் குடிவந்த தாயொருத்தியின் கதவை முதன்முதலிற் தட்டியவர்கள் பெரும்பாலும் இத்தகையோரே.

எனினும், ஒருவர் சொல்லே முடிந்த முடிபாகும் இடத்திற் கேள்வி கேட்கும் வழக்கம் தேய்ந்துபோகும். அதன் கொடிய விளைவை 2009இல் வெளியான நீதிபதி மர்ஃபி ஆணைக்குழுவின் அறிக்கை உலகறியச் செய்தது. குருமார் சிலர் சிறுவர்க்கு இழைத்த தீங்குகள் டப்ளின் மேற்றிராசனத்திலே பல்லாண்டுகளாக மறைக்கப்பட்டிருந்தன. சபையின் நற்பெயரைக் காக்கும் கவலை, பிள்ளைகளைக் காக்கும் கடமையை மேற்கொண்டுவிட்டது. நம்பியிருந்த பெற்றோரின் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாயிற்று.

அதற்கு முன்னரே மக்களின் வாழ்க்கைமுறை மாறத் தொடங்கியிருந்தது. 1970களின் முற்பகுதியில் அயர்லாந்துக் கத்தோலிக்கருட் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் பூசை கண்டனர். பின்னர் அத்தொகை வெகுவாகச் சுருங்கிற்று. தம்மைக் கத்தோலிக்கர் எனக் குறித்தோர் தொகையும் 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே நூற்றுக்கு 69 ஆகக் குறைந்தது. மேற்கு ஃபிங்ளாஸின் பேராலயத்திலே வெற்று ஆசனங்கள் பெருகின; கட்டடத்தைப் பேணும் செலவோ குறையவில்லை. ஈற்றில் அது இடிக்கப்பட்டது. அதன் பத்தில் ஒரு பங்கினர் கொள்ளத்தக்க சிறு கோயிலே அதற்கு ஈடாகத் திட்டமிடப்பட்டது. தாம் மணமுடித்த இடமும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடமும் தரைமட்டமானதைக் கண்ட முதியோரின் துயரம் எளிதில் உணரத்தக்கது.

ஆயினும் டப்ளினின் புறநகர்கள் இன்றும் வளர்கின்றன. கேரளத்திலிருந்து சென்ற தாதியர், பிலிப்பைன்ஸ் மக்கள், போலந்தினர், ஆபிரிக்க நாட்டவர் ஆகியோர் அவற்றிலே குடியேறியுள்ளனர். ஞாயிறுதோறும் கோயில்களில் அவர்களின் குரல்களும் ஒலிக்கின்றன. அன்று நகரின் நடுவிலிருந்து வந்த குடும்பங்களைப் போலவே, இவர்களும் அயலவர் ஒருவரின் அன்பான விசாரிப்பை எதிர்பார்ப்பவர்களே.

ஃபிங்ளாஸின் முன்னோர் இடர் வந்தபோது எதனைக் காக்கவேண்டும் என்று அறிந்து, சிலுவையை மண்ணுள் வைத்தனர். இன்றைய பங்கு மக்கள் காக்கவேண்டியது 3,500 ஆசனங்களையன்று. புதிதாய் வந்தவரின் கதவைத் தட்டிச் சுகம் விசாரித்த அப்பழைய வழக்கத்தையே. அதற்குப் பேராலயம் வேண்டியதில்லை.