கோட்டுக்கு வெளியே நின்ற ஆசிரியர்

(யூபிலி விழாவையொட்டி நம் பங்கு இளைஞர்களுக்கு நடத்தப்பட்ட கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மூன்று நாட்களாக நம் பிள்ளைகள் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. கோல் போட்டவர்களுக்கு மாலை அணிவித்தோம். கோல் காத்தவனுக்குக் கைதட்டினோம். கோப்பை வாங்கிய அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வாசல் வரை வந்தோம். எல்லாம் நன்று. ஆனால், இந்தப் பிள்ளைகளுக்குப் பந்தை இப்படி நிறுத்து, இப்படித் தட்டு என்று சொல்லிக் கொடுத்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? ஆடுகளத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுகிறோம். அதற்கு உள்ளே நிற்பவனை ஊரே பார்க்கிறது. வெளியே நிற்பவரைப் பார்ப்பார் இல்லை. இந்த யூபிலி ஆண்டில் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நாம் எண்ணினோம். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்கிறோம்.

அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். 1909-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பல்கலைக்கழக அணியில் ஆடினார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்று, மாணவர்களின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1950 முதல் தாம் இறந்த 1963 வரை ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும், அதே காலத்தில் இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. எல்லாரும் அவரை 'ரஹீம் சாகிப்' என்றே அழைத்தார்கள். 2024-இல் அவருடைய கதை 'மைதான்' என்ற பெயரில் இந்திப் படமாக வந்தது. அதன் பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரிய வந்தது. இறந்து அறுபது ஆண்டுகள் கழித்து!

அவர் எப்படிக் கற்பித்தார்? இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். எல்லா ஆட்டக்காரனுக்கும் ஒரு கால் பலமாகவும் ஒரு கால் பலவீனமாகவும் இருக்கும். பலமான காலைக் கொண்டே காலத்தை ஓட்டிவிடுவான். ரஹீம் என்ன செய்தார்? பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று போட்டி வைத்தார். திறமைசாலிகள் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவது வழக்கம். பந்தை அப்படி வைத்துக்கொள்ளாமல், வந்தவுடன் தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்று வேறொரு போட்டி வைத்தார். முதலாவது, குறையை மறைக்காமல் வெளியே எடுத்துத் திருத்தும் பயிற்சி. இரண்டாவது, தனக்குக் கிடைத்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத பயிற்சி. நம் மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்க விரும்புவதும் இவை இரண்டும்தான் அல்லவா?

பிள்ளைகளின் காலை மட்டும் அவர் பார்க்கவில்லை, வயிற்றையும் பார்த்தார். செகந்திராபாத் அருகே அம்முகுடா என்ற சிற்றூரில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பையனின் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். வந்து போகக் கையில் காசில்லை என்று பையன் தயங்கினான். அந்தச் செலவுக்கும் ரஹீமே வழி செய்தார். பலராமே இதைப் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் 1960-இல் உரோமை ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவுக்காகக் கோல் போட்டான். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. பஸ் செலவுக்குக் காசில்லாமல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நம் ஊரிலும் அப்படித்தான்.

இனி, அவருடைய தோல்வியைச் சொல்லுவோம். 1952-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக். நம் வீரர்கள் பலரும் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். குளிர்ந்த அந்நிய மண்ணில், பூட்ஸ் அணிந்த யூகோஸ்லாவிய அணிக்கு எதிராக இறங்கினார்கள். முடிவு பத்துக்கு ஒன்று! முந்தைய ஆண்டுதான் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இதே ரஹீமின் அணி ஈரானை ஒரு கோலுக்கு வென்று தங்கம் பெற்றிருந்தது. நேற்று தூக்கி வைத்துக் கொண்டாடிய நாடு இன்று கேலி பேசியது. அதன் பிறகு நம் நாட்டுக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய அணிகள் ஆடும் முறையை ரஹீம் ஆராய்ந்தார். தம் வீரர்களுக்கு அடியிலிருந்து மீண்டும் கற்பித்தார்.

நான்கே ஆண்டுகள். 1956-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஒலிம்பிக். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை நம்மவர்கள் நான்குக்கு இரண்டு என்று வென்றார்கள். நெவில் டிசூசா என்ற பம்பாய் வீரர் மட்டும் மூன்று கோல் போட்டார். இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு நம் நாடுதான். அங்கே மீண்டும் யூகோஸ்லாவியா. நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். பத்துக்கு ஒன்று என்று தோற்றவன் நான்காண்டில் அதே எதிரிமுன் அரையிறுதியில் நிற்கிறான் என்றால், இடையில் எத்தனை விடியற்காலைகள், எத்தனை வியர்வைத் துளிகள் இருந்திருக்கும்! தேர்வில் ஒரு முறை தோற்றதும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. தோற்ற பிள்ளையை ஊரார்முன் ஏசும் பெற்றோர்களும் மறக்கக் கூடாது.

1960-இல் உரோமை நகரில் ஒலிம்பிக். அந்த அணியில் ரஹீமின் மகன் ஷாஹித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். பிரான்சு நாட்டுக்கு எதிராக ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்து நம் அணி நற்பெயர் பெற்றது. மூன்று ஆட்டங்கள் நடந்தன. மூன்றிலும் பயிற்சியாளரின் மகன் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். பதவியில் இருப்பவரின் பிள்ளைக்கு முதல் பந்தி என்று பழகிப்போன நம் நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

கடைசியாக 1962. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் அதைக் கண்டித்துப் பேசினார். உள்ளூர் மக்களின் கோபமெல்லாம் நம் வீரர்கள்மேல் திரும்பிற்று. தலைக்கு மேல் பகை. உடலுக்குள் வேறொரு பகை. ஆம், ரஹீமைப் புற்றுநோய் பிடித்திருந்தது. அந்த உடம்போடுதான் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றோம். ஆனால் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்ட தலையோடு அவரைத் தடுப்பில் நிறுத்துவது ஆபத்து. ரஹீம் அவரை முன்னணிக்கு மாற்றினார். கோட்டையைக் காத்தவனைக் கோல் போட அனுப்பினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். மறுபடியும் தென் கொரியா. அதுவரை கோல் காத்து வந்த பர்மனை அமர வைத்து, நெடிய உருவம் கொண்ட தமிழர் பீட்டர் தங்கராஜை நிறுத்தினார். நீலகிரியில் வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடி வளர்ந்தவர் அவர். தமக்கு ஒரே ஒரு பரிசு, தங்கப் பதக்கம் வேண்டும் என்று ரஹீம் வீரர்களிடம் கேட்டாராம்.

ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் கூடி எதிராகக் கூச்சலிட்ட அரங்கம். பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் நம்மவர்களுக்காகக் கைதட்டினார்கள் என்று அன்று ஆடியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பி.கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் கட்டோடு ஜர்னைல் சிங் ஒரு கோல். கொரியா ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. தங்கம் நமதாயிற்று. சீக்கியர் கோல் போட, தமிழர் கோல் காக்க, வங்காளியான சூனி கோஸ்வாமி தலைவராக நடத்த, முகமதியரான ஆசிரியர் கோட்டுக்கு வெளியே நோயோடு நின்ற அந்த நாளை நம் நாடு மறக்கலாகாது.

அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் இறந்தார். வயது 53.

அன்பானவர்களே, இனி நாம் சொல்லப் போவதுதான் இந்த உரையின் நோக்கம். அந்த 1962-க்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் பெறவில்லை. 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது, அவ்வளவுதான். வீரர்கள் பிறக்காமல் போகவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஊர் ஊராகச் சென்று பையன்களைத் தேடி, பஸ் செலவுக்கு வழி செய்து, பலவீனமான காலைப் பழக்கும் ஆசிரியர்கள் போதிய அளவு தொடர்ந்து வரவில்லை என்பதும் ஒரு பெரிய காரணம் என்று நாம் எண்ணுகிறோம். பழைய ஏற்பாட்டில் மோயீசன் வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேல் நின்று பார்த்தார், உள்ளே போகவில்லை. ஆனால் போவதற்கு முன் யோசுவாவின்மேல் கைகளை வைத்தார். ஒருவர் செய்த வேலை அடுத்தவர் கைக்குப் போனால்தான் அது வாழும்.

'சாமி, கோயில் யூபிலியில் முகமதிய வாத்தியார் ஒருவரைப் புகழ்கிறாரே' என்று யாரும் எண்ண வேண்டாம். முகமதியரை மதிப்போடு நோக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துவிட்டது. நல்லது எங்கிருந்தாலும் அது இறைவனிடமிருந்தே வருகிறது. மேலும், விளையாட்டுத் திடலை ஞானத்தின் வாசலாக்கிய தொன் போஸ்கோவும் நம்முடையவர்தானே! தூரின் நகரத்து ஏழைப் பையன்களோடு அவரும் ஓடியாடினார். அவர் தோற்றுவித்த சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்தது எங்கோ அன்று. நமக்கு அருகிலுள்ள தஞ்சாவூரில்தான், 1906-இல். பிள்ளைகள் நடுவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட கல்விமுறை. காவல்காரனாக அன்று, தகப்பனாக.

நம் பங்கின் கதையும் அதுதான். இந்தக் கோயிலுக்கு யூபிலி கொண்டாடுகிறோம் என்றால், குருக்கள் மட்டும் காரணமா? நாம் வருவோம், மாறுதலில் போவோம். மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள், பீடச் சிறுவர்களுக்கு மணி அடிக்கக் கற்பித்த கோயிற்பிள்ளைகள், ஞாயிறுதோறும் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்த பெண்கள்: இவர்கள்தான் நம் ரஹீம்கள். இவர்கள் பெயர் கல்வெட்டில் இல்லை. நம் நாவில் இருக்கும் செபங்களில் இருக்கிறது.

இன்று அந்த வரிசை மெலிந்து வருகிறது. வானம் பார்த்த பூமி இது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நம் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஊரில் மிஞ்சிய பிள்ளைகளோடு மாலையில் ஒரு மணி நேரம் இருக்கப் பெரியவர் யார்? கைப்பேசியை வாங்கிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். கெட்டுப் போன பிறகு கோயிலுக்கு அழைத்து வந்து, 'சாமி, புத்தி சொல்லுங்க' என்கிறோம். புத்தி ஒரு நாளில் சொல்லி வருவதன்று. நாள்தோறும் கூட நின்று வருவது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பிய அண்ணன்மார்களே, வீட்டு வேலை முடிந்து மாலையில் சற்று ஓய்ந்திருக்கும் தாய்மார்களே! சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் திடலில். ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் மறைக்கல்வியில். பந்து வாங்க நாம் பணம் தேடுகிறோம். பந்துக்குப் பக்கத்தில் நிற்க ஆள் தாருங்கள். உங்களுக்கு மாலை விழாது; கோப்பை கிடைக்காது. உங்கள் பிள்ளையைவிட அடுத்த வீட்டுப் பிள்ளை நன்றாக ஆடினால் அவனையே களத்தில் இறக்க வேண்டியிருக்கும். பத்துக்கு ஒன்று என்று தோற்கும் நாளும் வரும். அப்போதும் மறுநாள் வர வேண்டும்.

வர விரும்புகிறவர்கள் இந்த விழா முடிந்து போகுமுன் பங்கு இல்லத்தில் பெயர் கொடுங்கள். பத்துப் பேர் வந்தால் பத்து. இரண்டு பேர் வந்தால் இரண்டு. அடுத்த சனிக்கிழமையே தொடங்குவோம்.

கோட்டுக்கு உள்ளே ஓடும் நம் பிள்ளைகளையும், வெளியே நிற்கப் போகும் உங்களையும் எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.